வேற்றுலகத்தார் வேற்றுலகத்தாராகவே இருக்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கைக்குக் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டியதையும் உன் முழங்கால் வலி தணிந்திருப்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு இடது கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்தாயிற்று. இனிப் படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே புத்தக அலமாரியைத் திறந்துவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது. விழட்டும். எழுத்துகள் இத்தனை கறுப்பாகத் தெரிந்து வெகுகாலம் ஆயிற்று.

மகனோடு உட்கார்ந்து நெட்ஃபிளிக்ஸில் ‘3 பாடி ப்ராப்ளம்’ எட்டு எபிசோடுகளையும் பார்த்தேன், இதற்கு மேல் நாவலையும் படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். நல்ல புத்தகத்தைப் படமாக்கினால் அது கெட்டுத்தான் போகும் என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறாய். கேள்விக்குப் பதில்: கட்டாயம் படி. தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தத் தொடருக்கு மூலமான சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் நாவல் 2006இல் சீனப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, 2008இல் நூலாயிற்று. ஆங்கிலத்துக்குப் போனபின் 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. அதில் ஒரு இடம் உண்டு. கணினி விளையாட்டின் உள்ளே, சின் சக்கரவர்த்தியின் முன்னிலையில் மூன்று சிப்பாய்களை நிறுத்துகிறார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு வெள்ளைக் கொடி, ஒரு கறுப்புக் கொடி. முதல் இருவரும் கறுப்பைத் தூக்கினால்தான் மூன்றாமவன் கறுப்பைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை. அவ்வளவுதான் கட்டளை. அவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, எதற்காகக் கொடி தூக்குகிறோம் என்றும் தெரிய வேண்டியதில்லை. இப்படி மூன்று கோடிப் பேரை மைதானத்தில் நிறுத்தினால் அந்தப் படையே ஒரு கணினியாகிவிடுகிறது. தொடரிலும் இது வருகிறது, குப்ளாய் கானின் படையாக. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த மூன்று பேரின் பக்கத்தில் நின்று, ‘அட, இப்படித்தானா!’ என்று நமக்குப் பொறி தட்டுவதற்குள் காட்சி நகர்ந்துவிடுகிறது. புத்தகத்தில் நாம் விரும்பும்வரை அங்கேயே நிற்கலாம்.

பூமிமீது படையெடுத்து வருகிறார்களே வேற்றுலகத்தார், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று லியூ தெளிவாக வருணிப்பதே இல்லை. உடலின் நீரை வற்றச்செய்து தங்களையே சுருட்டி வைத்துக்கொள்ளக்கூடியவர்கள், நினைப்பதை மறைக்கத் தெரியாதவர்கள் என்பதோடு சரி. முகமில்லாததால்தான் அவர்கள்மீது எனக்கு அச்சம் வருகிறது. தொடரும் அவர்கள் முகத்தைக் காட்டவில்லை, அதற்காக அதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள் ஐவரின் காதலும் மனத்தாங்கலும் கதையின் பாதியை அடைத்துக்கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விண்வெளிக்கு அப்பாலிருந்து ஒன்று வந்துகொண்டிருக்கும்போது அந்த அறையில் யார் யாரை விரும்பினால் எனக்கென்ன?

இத்தனை வருடமாக இந்தக் கதைகளில் நான் தேடியது எது என்று இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. மனிதனுக்குப் பிடிபடாத ஒன்றின் எதிரில் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிடிபடாதது கடைசிவரை பிடிபடாமலே இருக்க வேண்டும். இந்தத் துணிவு இருக்கிற படைப்பு, புத்தகமானாலும் படமானாலும், எனக்குப் பெரிது. மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. துணிவு இல்லாதது எத்தனை கோடியில் எடுத்தாலும் இரண்டே நாளில் எனக்கு மறந்துபோகிறது.

‘சோலாரிஸ்’ பற்றி நாம் மொட்டை மாடியில் விடிய விடியச் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய நாவல், 1961. கண் தெளிந்ததும் முதலில் எடுத்தது அதைத்தான். ஒரு கிரகம் முழுக்கக் கடல். அந்தக் கடலே உயிர், ஒருவேளை அறிவும்கூட. ஆய்வு நிலையத்தில் இருக்கிற மனிதர்களின் நினைவிலிருந்து ஆட்களை உருவாக்கி அனுப்புகிறது. கதைநாயகன் கெல்வினிடம், தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி வருகிறாள். அவள் உடுப்பைக் கழற்றப் பார்க்கிறான், முடியவில்லை. பொத்தான்கள் இருக்கின்றன, ஆனால் அவை வெறும் அலங்காரம், திறப்பே கிடையாது. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அவள் உள்ளங்கால் பிறந்த குழந்தையுடையதைப் போல மென்மையாக இருக்கிறது, ஒரு நாளும் தரையில் நடந்திராத பாதம். அவன் நினைவில் இருந்ததையெல்லாம் கடல் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் உடையை மாட்டிக் கழற்ற வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. இந்த ஓர் இடத்தில், எதிரில் இருப்பது எவ்வளவு அந்நியமானது என்பது எனக்கு முதுகுத்தண்டு வரை உறைத்தது.

ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி 1972இல் இதைப் படமாக்கினார். லெமுக்குப் பிடிக்கவே இல்லை. தன் நாவலை விட்டுவிட்டு அவர் தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை எடுத்துவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டார். அதில் நியாயம் உண்டு. தார்கோவ்ஸ்கிக்குக் கடலைவிடக் கெல்வினின் மனசாட்சிதான் முக்கியம். படம் பூமியில், குளத்தங்கரை வீட்டில், நீரில் அசையும் செடிகளோடு தொடங்குகிறது. முடிவிலும் அவன் தந்தையின் வீட்டுக்குத்தான் போகிறான், அந்த வீடு கடல் நடுவே ஒரு தீவில் நிற்கிறது. நாவலின் முடிவோ வேறு. கெல்வின் கரையில் நின்று கையை நீட்டுகிறான். அலை எழுந்து வந்து கையைச் சூழ்கிறது, ஆனால் தொடுவதில்லை, நடுவில் மெல்லிய காற்று இடைவெளி விட்டு நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அதற்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது. எனக்கு நாவலின் முடிவுதான் உயர்ந்தது. ஆனாலும் படத்தை நான் ஒதுக்க மாட்டேன். உடுப்பை வெட்டும் காட்சியைத் தார்கோவ்ஸ்கி விடாமல் வைத்திருக்கிறார், அந்தப் பெண்ணின் பார்வையில் இருக்கிற திகைப்பை வேறு எவராலும் எடுத்திருக்க முடியாது. 2002இல் ஹாலிவுட் இயக்குநர் ஸோடர்பர்க் அதே நாவலை எடுத்தது எனக்கு வேண்டாம். அழகான துயரக் காதல் படம், அவ்வளவே. அதைப் பார்க்காமலே லெம் எழுதினார்: புத்தகத்துக்கு ‘சோலாரிஸ்’ என்று பெயர் வைத்தது காரணத்தோடுதான், ‘விண்வெளியில் காதல்’ என்று வைக்கவில்லையே என்று. முழுக்க அவர் பக்கம்தான் நான்.

உன் தீர்ப்பை மறுக்க என் கையில் இருக்கும் பெரிய சாட்சி தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படம். அதற்கு மூலமான ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்களின் நாவலில் வேற்றுலகத்தார் வந்து, தங்கி, போயும் விடுகிறார்கள். யாரையும் கண்டுகொள்ளவில்லை. சாலையோரம் காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, பாட்டரியும் பொட்டலக் காகிதமும் போட்டுவிட்டுப் போகிறோமே, காலையில் எறும்பும் பறவையும் வந்து அந்தக் குப்பையைப் பார்த்து மிரள்வதுபோல் நாம் மிரள்கிறோம் என்று அதில் ஒரு விஞ்ஞானி சொல்கிறார். மனிதனை இத்தனை சிறியவனாக்கிய யோசனை வேறெங்கும் நான் படித்ததில்லை. அந்தச் சகோதரர்களே திரைக்கதையைப் பலமுறை திருத்தி எழுதினார்கள். கடைசியில், வேற்றுலகத்தார் விட்டுப்போன விநோதப் பொருட்கள் எல்லாமே போய்விட்டன. படத்தில் மிஞ்சியது புல், தேங்கிய நீர், துருப்பிடித்த இரும்பு, மூன்று மனிதர்கள். எஸ்தோனியாவில் தல்லினுக்கு அருகே, கைவிடப்பட்ட மின் நிலையங்களில் எடுத்தது. முதலில் எடுத்த படச்சுருள் கழுவும்போது பாழாகி, திரும்ப எடுத்தார்கள். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் ஆட்களைத் திருட்டுத்தனமாக அழைத்துப்போகும் வழிகாட்டிதான் ஸ்டாக்கர். துணி நாடா கட்டிய திருகு மரையை அவன் முன்னால் வீசுகிறான், அது விழுந்த இடத்துக்கு நடக்கிறார்கள், மறுபடி வீசுகிறான். வெறும் புல்வெளிதான். ஆனால் ஓர் அடி தவறி வைத்தால் என்ன நடக்குமோ என்று நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. எதையும் காட்டாமலே இந்த அச்சத்தை உண்டாக்கியதால்தான் இதைவிடப் பெரிய படம் இல்லை என்கிறேன். 1979இல் வந்த படம், 1986இல் செர்னோபில் வெடித்தது. பிறகு அந்தத் தடைப் பகுதிக்குள் திருட்டுத்தனமாகப் போய்வருபவர்களுக்கு ‘ஸ்டாக்கர்’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

‘அரைவல்’ உனக்கு மிகவும் பிடித்த படம் என்று தெரியும். எனக்கும் பிடிக்கும். கறுப்பு மை வளையம் போன்ற அந்த எழுத்தைக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எழுதிக்காட்டும்போது மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு மூலமான டெட் சியாங்கின் 1998ஆம் வருடத்துக் கதையைப் படித்துவிட்டுச் சொல். படத்தில் வேற்றுலகத்தார் ஏன் பூமிக்கு வந்தார்கள் என்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறார்கள்: மூவாயிரம் ஆண்டு கழித்து மனிதர்களின் உதவி தேவைப்படுமாம். கதையில் காரணமே கிடையாது. வந்தார்கள், பேசினார்கள், ஒருநாள் போய்விட்டார்கள்.

இன்னொரு மாற்றம்தான் எனக்கு ஆறவே இல்லை. கதையில் நாயகியின் மகள் இருபத்தைந்து வயதில் மலையேறும்போது விழுந்து இறக்கிறாள். படத்தில் பதின்ம வயதில் தீராத நோய். நோய் என்றால் அம்மாவால் தடுக்க முடியாது, நாம் அவளோடு சேர்ந்து அழுதுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் மலையேற்றம்? ‘இன்றைக்குப் போகாதே’ என்று ஒரு சொல் போதுமே! வரப்போவதை அறிந்த தாய் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வேற்றுலகத்தாரின் மொழியைக் கற்றதால் அவள் மனமே வேறு விதமாகிவிட்டது. காலத்தை அவர்களைப் போலவே தொடக்கமும் முடிவும் ஒருசேரப் பார்க்கிறாள். சியாங் இதற்கு இயற்பியலையே துணைக்கு அழைக்கிறார். ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது, மிகக் குறைந்த நேரத்தில் போய்ச்சேரும் பாதையில் வளைகிறது என்பது ஃபெர்மாவின் விதி. அப்படியானால் புறப்படும்போதே ஒளிக்குப் போய்ச்சேரும் இடம் தெரிந்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. படத்தில் இது இல்லாமல் போனது பெரிய இழப்பு.

தொலைக்காட்சியை நான் மட்டமாகப் பேசுவதாக நினைக்காதே. 1967இல் ‘ஸ்டார் ட்ரெக்’கில் ஹோர்ட்டா என்று ஒரு பிராணி வந்தது. சிலிக்கனால் ஆன உயிர், பாறையைக் குடைந்து போகிறது, சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்கிறது. அவர்கள் பயனற்ற உருண்டைக் கற்கள் என்று உடைத்துப்போட்டவை அதன் முட்டைகள். ஒரு நடிகர் கம்பளம் போன்ற போர்வைக்குள் தவழ்ந்து நடித்ததுதான் அந்தப் பிராணி, பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்தப் பாறைக்கும் வலி உண்டு, குழந்தைகள் உண்டு என்று உணரும் நொடி இன்றைய விலையுயர்ந்த வரைகலை மிருகங்கள் எதனிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணும் முகமும் கொடுத்து அழகாக்காமல், பாறையாகவே வைத்து நம்மை இரங்கச் செய்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ மாயாஜால நாவல்களின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்த உலகில் பெரும்பாலோர் வெள்ளையரல்லாதவர்கள், அதை அவர் வேண்டுமென்றே எழுதினார். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளையனாக்கிவிட்டார்கள். லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். தெரியாத முகத்தைப் பார்த்தால் பார்வையாளன் ஓடிவிடுவான் என்று நினைத்தால், ஏன் இந்த வகைக் கதையைத் தொட வேண்டும்?

நம் பக்கம் வருகிறேன். விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது விடுதியில் ஒரே பிரதிக்கு அடித்துக்கொண்டோம். அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவை இன்றும் நான் நேசிக்கிறேன், ஆனால் அவன் நம்மில் ஒருவன், சுஜாதாவின் குரலிலேயே பேசும் நண்பன். பிடிபடாத இயந்திரத்தை நான் தமிழில் பார்த்தது 2010இல், ‘எந்திர’னில், அதுவும் ஒரே காட்சியில். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி வரிசையாக ஆட்களைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் ஆடையின்றி அப்படியே தூக்கி வந்து கேமராக்களின் முன் நிறுத்துகிறது. அவள் மானத்துக்கு அஞ்சி ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பதுதானே வேலை, காப்பாற்றினேனே, எங்கே பிழை? அதற்கு விளங்கவில்லை. இத்தனை கூர்மையாகக் கேட்ட அந்தப் படம் பிற்பாதியில் சிட்டிகளை அடுக்கிப் பந்தும் பாம்பும் ஆக்கியதே என்று இன்றும் எனக்கு வருத்தம். அந்தக் காட்சியிலிருந்தே ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். இன்னும் எவராவது எடுக்கலாம், அதற்கான ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

‘சோலாரிஸ்’ என் பிரதியை அனுப்பவில்லை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பழைய மொழிபெயர்ப்பு. 2011இல் பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்தது மின்னூலாகக் கிடைக்கிறது, மகனிடம் சொல்லி வாங்கிக்கொள். நடுவில் அந்தக் கடலைப் பற்றிய ஆராய்ச்சி வரலாறு நீளமாக வரும், தாண்டிவிடாதே. நூறாண்டு ஆராய்ந்தும் மனிதர்கள் ஒன்றும் அறியவில்லை என்பதை அந்தப் பக்கங்கள் இல்லாமல் உணர முடியாது. ‘அரைவல்’ பற்றி நான் எழுதியது உனக்குக் கோபம் தரும் என்று தெரியும். மகளின் சாவை நோயாக மாற்றியதில் நியாயம் இருந்தால் விரிவாக எழுது, காத்திருக்கிறேன்.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு உங்கள் ஊர்ப்பக்கம் வர வேண்டியிருக்கிறது. முடிந்தால் இரண்டு நாள் தங்குகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்