இலைச்சுருட்டை வைரஸைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்காளி இலைச்சுருட்டை பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்து அடியுங்கள், எதிர்ப்பு ரகம் நடுங்கள், அதோடு முடித்துவிட்டீர்கள். எதிர்ப்பு ரகம்தான் நாங்களும் நட்டோம். பாலக்கோடு பக்கம் முக்கால் ஏக்கர், அண்ணன் கடன் வாங்கிப் போட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கொழுந்து மஞ்சளாகி, இலை கிண்ணம் மாதிரி மேலே குவிந்து, செடி முழங்காலைத் தாண்டவில்லை. ஊரே போலி விதை என்று முடிவு கட்டிவிட்டது.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். இலைச்சுருட்டையை உண்டாக்கும் ஜெமினி வைரஸ் எப்படிப்பட்டது என்று விவசாயிக்கு யாரும் சொல்வதே இல்லை, அதுதான் என் வருத்தம். வட்டமான ஒற்றை இழை டி.என்.ஏ., ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளில் எழுதியது, மொத்தம் சுமார் 2,700 எழுத்துதான். நகலெடுக்கும் நொதிகூடச் சொந்தமாகக் கிடையாது, செடியினுடையதை எடுத்துக்கொள்ளும். அந்த வட்டத்தில் ஓரிடத்தில் இழை தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கும், அதன் வளைவில் டி, ஏ, ஏ, டி, ஏ, டி, டி, ஏ, சி என்று ஒன்பது எழுத்து. இந்தக் குடும்பத்து வைரஸ்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே ஒன்பதுதான். வைரஸின் ரெப் புரதம் அங்கே வெட்டினால்தான் நகலெடுப்பு தொடங்கும், அப்புறம் ராட்டினத்திலிருந்து கயிறு உருவுவது போல வட்டம் சுற்றச் சுற்றப் புது இழை வந்துகொண்டே இருக்கும்.

சரி, இதில் விவசாயிக்கு என்ன? ஒரே செடிக்குள் இரண்டு வைரஸ் புகுந்துவிட்டால், ஒன்றுக்கொன்று டி.என்.ஏ. துண்டு மாற்றிக்கொள்வது அந்த வெட்டு விழும் இடத்தை ஒட்டித்தான் அதிகம் நடக்கிறது. இதோடு சேர்ந்து வரும் பீட்டா சாட்டிலைட் என்ற குட்டி டி.என்.ஏ.விலும் அதே ஒன்பது எழுத்து இருக்கிறது. டி.என்.ஏ. வைரஸ் மெதுவாக மாறும் என்று வகுப்பில் சொல்வோம், இதுவோ கிட்டத்தட்ட ஆர்.என்.ஏ. வைரஸ் வேகத்துக்கு மாறுகிறது. போன வருடம் தாங்கிய ரகம் இந்த வருடமும் தாங்கும் என்று எப்படி நம்புவது?

அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பருவத்துக்கு ஒருமுறை இலை எடுத்து, எந்த வைரஸ் ஓடுகிறது என்று பி.சி.ஆர். சோதனை செய்து சொல்ல வேண்டும். அதை நீங்கள் அச்சிடுங்கள். குழித்தட்டு நாற்றுக்கு ஈ புகாத வலை கட்டுவதையும் எழுதுங்கள். இன்னொன்று, ராயக்கோட்டை சந்தையில் விலை விழுந்தால் காயைப் பறிக்காமல் செடியை அப்படியே விட்டுவிடுகிறோம். நோய் பிடித்த அந்தச் செடியிலிருந்துதான் வெள்ளை ஈ பக்கத்து நாற்றுக்குப் போகிறது. முதலில் அதைப் பிடுங்கச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியை,
பாலக்கோடு