படம் வராத பிஎஸ்3-ஐ அதற்குள் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கேம் கன்சோல் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, வாரன்டி பற்றியெல்லாம் எழுதியது சரி. ஆனால் "டிவியில் மாட்டியதும் படம் வரவில்லை என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்" என்று ஒரு வரி இருந்ததே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த வரியை நம்பியிருந்தால் என் பையன் இன்றைக்கு விளையாடிக்கொண்டிருக்கும் பிஎஸ்3 (சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல்) எங்கள் வீட்டுக்கே வந்திருக்காது, அதாவது வந்த இரண்டாம் நாளே திரும்பிப் போயிருக்கும்.

நான் வாங்கியது பிஎஸ்3 ஸ்லிம், செகண்ட் ஹேண்ட். கடைக்காரர் சின்ன டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை மாட்டி ஓட்டிக் காட்டினார், படமும் சத்தமும் நன்றாகவே வந்தன. வீட்டுக்கு வந்து, படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும் ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினால் பச்சை விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, டிவியில் மட்டும் "நோ சிக்னல்". ஒயரை மாற்றிப் பார்த்தேன், டிவியின் மூன்று போர்ட்டிலும் மாட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, "ஹெச்டிஎம்ஐ ஐசி (படம் அனுப்பும் சிப்) போச்சு சார், 2,500 ஆகும்" என்றார்.

நல்ல வேளை, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் மகன் விஷயத்தைச் சொன்னான். பிஎஸ்3 கடைசியாக எந்த ஒயரில் படம் அனுப்பியதோ அதையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். கடையில் மஞ்சள் ஒயரில் ஓட்டினார்கள் அல்லவா, வீட்டிலும் அது அந்த வழியாகவேதான் படத்தை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! இதற்கு வழி ரொம்பச் சுலபம். கன்சோல் அணைந்து சிவப்பு விளக்கு மட்டும் எரியும் நிலையில் பவர் பட்டனை அழுத்த வேண்டும், உடனே ஒரு பீப் கேட்கும், விரலை எடுக்காமல் இன்னும் ஐந்து விநாடி போல வைத்திருந்தால் இன்னொரு பீப், அங்கே விட்டுவிட வேண்டும். வீடியோ செட்டிங் அழிந்து, எந்த ஒயர் மாட்டியிருக்கிறது என்று அது புதிதாகப் பார்க்கும். எனக்கு முதல் தடவையிலேயே படம் வந்துவிட்டது. 2,500 ரூபாய் மிச்சம்.

சத்தத்திலும் இதே கதைதான். நண்பர் ஒருவர் வாங்கிய பிஎஸ்3-இல் படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் துளிகூட இல்லை, பாவம் அவர் இரண்டு கேபிள் புதிதாக வாங்கிவிட்டார். பழைய சொந்தக்காரர் ஹோம் தியேட்டர் வைத்திருந்தார் போல, சத்தத்தை ஆப்டிகல் (சத்தத்துக்கு மட்டுமான தனி ஒயர்) வழியாகப் போக வைத்திருக்கிறார். செட்டிங்ஸில் சவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் ஆடியோ அவுட்புட் செட்டிங்ஸ் போய் ஹெச்டிஎம்ஐ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

என் தங்கை வீட்டு பிஎஸ்2 கதை வேறு மாதிரி, எல்லா கேமும் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. இப்போது வரும் பல டிவிகளில் மஞ்சள் ஒயருக்குத் தனித் துளை கிடையாது, காம்பொனன்டின் (படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று ஒயரில் வாங்கும் இணைப்பு) பச்சைத் துளையிலேயே செருக வேண்டும், அப்புறம் ரிமோட்டில் சோர்ஸை "ஏவி" என்று வைக்க வேண்டும். "காம்பொனன்ட்" என்று வைத்திருந்தால் கலர் வரவே வராது. இதற்காக ஒரு மாதம் கன்சோலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பிஎஸ்4 என்றால் முழுதாக அணைத்துவிட்டு பவர் பட்டனை ஏழு விநாடி, இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் (கோளாறைச் சரிசெய்வதற்கான தனி மெனு) வரும், கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயரில் மாட்டிக்கொண்டு ரெசல்யூஷனை (படத்தின் துல்லிய அளவை) மாற்றலாம். அதிலும் படம் வரவில்லை என்றால் டார்ச் அடித்து ஹெச்டிஎம்ஐ துளைக்குள் பாருங்கள். உள்ளே பின் வளைந்திருந்தால் அது செட்டிங் கோளாறு இல்லை, சால்டரிங் வேலை.

இதையெல்லாம் சொல்வதால் எந்தப் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அர்த்தமில்லை. பிஎஸ்3-இல் பட்டனை அழுத்தியதும் மஞ்சள் விளக்கு ஒரு கணம் மின்னி, மூன்று பீப் அடித்து, சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தால் அது போர்டு கோளாறு. முதலில் வந்த பெரிய மாடல்களில் இது அதிகம். எந்த பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் தேறாது. அந்தப் பெட்டிக்கு மட்டும் உங்கள் கட்டுரையாளர் சொன்னதுதான் சரி, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

அடுத்த தடவை இதுபோலக் கட்டுரை போட்டால் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள் சார். கூடவே, கடைக்குப் போகும்போது வீட்டு ஹெச்டிஎம்ஐ கேபிளையும் எடுத்துப் போய் அதிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வாசகர்,
மதுரை