எட்டு மணி மாத்திரை

ஆசிரியருக்கு,

வணக்கம். எய்ட்ஸைப் பேசும் திரைப்படங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடிகர்கள் உடலை வருத்தி மெலிந்ததைத்தான் கட்டுரையாளர் பக்கம் பக்கமாக வியந்திருக்கிறார். எச்.ஐ.வி. தொற்றுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்த எனக்கு அந்த வியப்பில்தான் மனத்தாங்கல்.

1993-இல் வந்த ஹாலிவுட் படமான ‘பிலடெல்பியா’வில் எய்ட்ஸ் நோயாளியாக நடித்த டாம் ஹாங்ஸ் உருக்குலைந்து நின்றது நியாயம். நோயின் போக்கு அன்று அப்படித்தான் இருந்தது. 1996-ஐ ஒட்டிக் கூட்டு மருந்து வந்தபின் கதையே மாறிவிட்டது. மாத்திரையைத் தவறவிடாதவர் வேலைக்குப் போகிறார், பிள்ளை பெறுகிறார், முதுமையையும் பார்க்கிறார். இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகக்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. திரையிலோ இன்றும் இடைவேளைக்குப் பிறகு இருமல், ஒட்டிய கன்னம், மரணப் படுக்கை. எச்.ஐ.வி. தொற்று வேறு, அது முற்றிய எய்ட்ஸ் நிலை வேறு என்று சொல்ல ஒரு வரி வசனம் கூடக் கிடைப்பதில்லை.

‘பிலடெல்பியா’வில் என் மனதில் நிற்பது நீதிமன்றக் காட்சி அல்ல, நூலகக் காட்சி. தனி அறைக்குப் போனால் வசதியாக இருக்குமே என்று நூலகர் அந்த நோயாளியிடம் பணிவாகத்தான் சொல்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. ஒதுக்குதல் பெரும்பாலும் இப்படி மரியாதையாகத்தான் வரும். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு இரட்டைக் கையுறை மாட்டிய சக ஊழியரை நானே பார்த்திருக்கிறேன். அவரும் சிரித்த முகத்தோடுதான் நலம் விசாரித்தார்.

இன்னொன்று, ‘எப்படி வந்தது?’ என்ற கேள்வி. உறவினர் முதலில் கேட்பது இதைத்தான். படங்களும் அதையே கேட்கின்றன. ஊசியாலோ ஏற்றிய இரத்தத்தாலோ வந்திருந்தால் நாயகி, நம் கண்ணீருக்கு உரியவள். வேறு வழியில் வந்திருந்தால் அவள் பட வேண்டியதைப் படுகிறாள். நோயாளிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் வேறு எந்த நோய்க்கு இருக்கிறது?

எங்களிடம் மருந்து வாங்குகிறவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே புட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டிவிடுவார்கள். சிலர் உள்ளே பஞ்சை அடைப்பார்கள், பைக்குள் மாத்திரை குலுங்கிச் சத்தம் கேட்கக்கூடாது என்று. இதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அப்படிப் பஞ்சு அடைக்கிற ஒரு பெண், நாத்தனாரோடு சினிமாவுக்குப் போனதைச் சொன்னார். திரையில் நோயாளி இருமியதும் நாத்தனார் முகத்தைச் சுளித்து, “இதுகளையெல்லாம் ஏன்தான் காட்டுகிறார்களோ” என்றாராம். இவர் மடியில் கைப்பை; அதற்குள் எட்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரை. படம் முடிந்து வீடு போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு அதை விழுங்கியபோது மணி பத்தரை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)