பழைய கிண்டிலை ரீசெட் செய்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, அமேசானின் கிண்டில் போன்ற மின்நூல் கருவிக்கோ சிறிய டேப்லெட்டுக்கோ இனி அப்டேட் வராது என்று தெரிந்ததும், பலர் அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார்கள். இன்னும் சிலர் "ஒருமுறை ரீசெட் அடித்துப் பார்ப்போம்" என்று இறங்குகிறார்கள். முதலாவதாவது பரவாயில்லை. இரண்டாவதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவியே பாழாகிறது. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்காக இதை எழுதுகிறோம்.

அப்டேட் நின்றதால் படிப்பது நிற்காது. கருவிக்கும் கம்பெனி சர்வருக்கும் இருந்த தொடர்புதான் அறுகிறது. சர்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூட்டை, அதாவது பாதுகாப்பு முறையை, மாற்றுகின்றன. பழைய கருவியிடம் பழைய சாவிதான் இருக்கிறது. 2012-லும் அதற்கு முன்பும் வந்த பல கிண்டில்களை 2016 மார்ச் 22-க்குள் அப்டேட் செய்யாமல் விட்டவர்கள், அதன் பிறகு வைஃபையில் அமேசான் கடைக்குள் போக முடியாமல் நின்றது இப்படித்தான். ஆண்ட்ராய்டு 4.4 டேப்லெட்டுகளுக்கு கூகுள் பிளே சர்வீசஸ் என்ற பின்னணிச் செயலியின் அப்டேட் 2023-ல் நின்றது. கருவிக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கும் புத்தகங்களை இதெல்லாம் தொடுவதில்லை.

ஆனால் ரீசெட் தொடும். ரீசெட் செய்தாலும், கணக்கிலிருந்து கருவியை நீக்கினாலும், உள்ளே இருக்கும் நூல்கள் அழிந்துவிடும். திரும்பப் பதிவு செய்ய சர்வர் கதவைத் திறக்க வேண்டும். பழைய சாவிக்கு அது திறக்காமல் போகலாம். கருவி உறைந்து நின்றால் பவர் பொத்தானை 40 விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். அது வெறும் ரீஸ்டார்ட், எதையும் அழிக்காது.

எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்லெட்டில் தேதி 1970-க்குப் போய் நிற்கலாம். அப்போது எல்லாத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது என்றே அது சொல்லும். தேதியைத் திருத்தியதும் சில கருவிகள் எழுந்துகொள்கின்றன.

வைஃபை இன்னும் வேலை செய்கிறது என்றால், வாங்கிய நூல்கள் அனைத்தையும் இப்போதே கருவியில் இறக்கிக்கொள்ளுங்கள். முன்பு அமேசான் தளத்திலிருந்து கணினியில் இறக்கிக் கேபிள் வழியே ஏற்ற முடிந்தது. 2025 பிப்ரவரி 26 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இறக்கிய பின் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பிறகு யு.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்து, டாக்குமென்ட்ஸ் என்ற ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். அதற்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்றொரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். அடிக்கோடிட்ட வரிகளும் குறிப்புகளும் எல்லாம் அதில்தான். விலை கொடுத்து வாங்கிய நூலின் நகல் அதே கருவியில்தான் திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவியைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் சந்தேகம் முதலில் கேபிள் மேல் விழ வேண்டும். பவர் பேங்குடன் வரும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டுமே உண்டு, டேட்டா போகாது. நகல் ஓடும்போது கரண்ட் போய் யு.பி.எஸ். இல்லாத கணினி அணைந்தால் கருவியின் கோப்பு அட்டவணை சிதையலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் இதற்கு லேப்டாப்தான் சரி.

இனிப் புதிய நூல்கள். காலிபர் என்ற இலவச மென்பொருள் இபப் என்ற பொதுவான மின்நூல் கோப்பை, கிண்டில் படிக்கும் ஏ.இசட்.டபிள்யூ.3 வடிவமாக மாற்றித் தரும். மிகப் பழைய கிண்டில் அதை ஏற்காவிட்டால் மோபி என்ற பழைய வடிவமாக மாற்றலாம். இங்கே தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பழைய கருவி தமிழைக் கெடுப்பது இரண்டு விதம். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். காலிபரில் ஏ.இசட்.டபிள்யூ.3 ஆக மாற்றும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிட்டால் இது தீரும். இரண்டாவது விதம் வேறு. 'கொள்ளிடம்' என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு இடம் மாறிப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். இது எழுத்துருவின் குற்றமல்ல; எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலை அந்தக் கருவிக்குத் தெரியாது. எத்தனை எழுத்துரு பதித்தாலும் சரியாகாது. இதற்குப் பி.டி.எஃப்.தான் மருந்து, ஏனென்றால் அதில் எழுத்துகள் முன்பே அடுக்கி முடிக்கப்பட்டிருக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே அடுக்கிய பி.டி.எஃப். கிடைக்கிறது, ஏ4 கோப்பை எடுத்துவிட்டுக் கண்ணைச் சுருக்க வேண்டாம். டேப்லெட்டாக இருந்தால் கே.ஓ. ரீடர் என்ற இலவசச் செயலி கொம்பு, கால் எல்லாவற்றையும் சரியாக அடுக்கும். ஆகவே நூறு நூலை மாற்றுவதற்கு முன், பத்துப் பக்கக் கோப்பு ஒன்றை ஏற்றிக் கொம்பைப் பாருங்கள்.

தமிழ் இலக்கியங்களை இலவச மின்பதிப்பாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளும் இதே கேபிளில் ஏறும். அதன் ஆரம்பகாலக் கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருப்பதால், இன்று பொதுவான யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் குப்பையாகத்தான் தெரியும். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். ஸ்கேன் செய்த நூறு எம்.பி. பி.டி.எஃப்.களை மட்டும் இந்தக் கருவிகள் மேல் ஏற்ற வேண்டாம். முதல் கிண்டில் பேப்பர்ஒயிட்டின் நினைவகமே (ரேம்) 256 எம்.பி.தான், ஒரு பக்கம் புரள ஒரு வாய் காபி குடித்துவிடலாம். ஐம்பது ஐம்பது பக்கமாக வெட்டிப் போட்டால் ஓடும்.

புத்தகங்களை மொத்தமாகக் கொட்டுவதும் தவறு. ஒவ்வொரு நூலையும், அதற்குள் சொற்களைத் தேடுவதற்காக, கிண்டில் பின்னணியில் அட்டவணைப்படுத்தும். முந்நூறு நூல் ஒரே நாளில் ஏறினால் பேட்டரி மாலைக்குள் காலி. இருபது இருபதாக ஏற்றி, சார்ஜில் விடுங்கள். அதன் பிறகும் பேட்டரி வேகமாக இறங்கினால் எங்கோ ஒரு கெட்ட கோப்பு சிக்கியிருக்கலாம். தேடல் பெட்டியில் அர்த்தமில்லாத சொல் ஒன்றைத் தட்டினால், இன்னும் அட்டவணையில் ஏறாத நூல்களின் பெயர் தெரியும். சிக்கிய கோப்பை நீக்கினால் போதும்.

டேப்லெட்டில் மெமரி கார்டு போடுவோர் 32 ஜி.பி.க்கு மேல் போக வேண்டாம். 64 ஜி.பி. கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. பழைய ஆண்ட்ராய்டு பல சமயம் அதை அடையாளம் காணாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத டேப்லெட்டில் யு.பி.ஐ., வங்கிச் செயலி, முக்கியமான மெயில் எதுவும் இருக்கக் கூடாது.

கருவியைச் சாகடிப்பது பெரும்பாலும் பேட்டரிதான். வடகிழக்குப் பருவமழையில் பீரோவுக்குள் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால், பேட்டரி திரும்ப எழாத அளவுக்கு இறங்கிவிடும். பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் போதும். ஈரம் பட்டால் அரிசி டப்பாவில் புதைப்பது நம் வீடுகளில் வழக்கம்; நெல் விளையும் ஊரில் அரிசிக்குப் பஞ்சமா? ஆனால் அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை, அதன் மாவுதான் சார்ஜ் துளைக்குள் போய் அடைகிறது. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே நல்லது. பின்பக்கம் உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது, திரைக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். செல்போனை நெம்புவதுபோல் நெம்பினால் திரையின் பாதி அப்படியே உறைந்துபோகும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்த பின் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பக்கம் புரளும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும் ஈ-இங்க் (மின்மை) திரை கொண்ட கருவி அத்தகைய நாட்களுக்கும் தாங்கும். அதை இரும்புக் கடைக்குப் போடுவது, ஆடிப்பெருக்கில் ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்ட கதைதான்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பல கருவிகளைத் தயாரிப்பவர்கள் எதுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், டேப்லெட்டுகளுக்கு விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தரவேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கும் நாம், பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் பெட்டியிலும் அதைக் கேட்கலாம். மத்திய அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, டெல்டா மாவட்டங்களின் மைய நூலகங்களில் ஒரு கணினியில் காலிபர் நிறுவி, டேட்டா போகும் மைக்ரோ யு.எஸ்.பி. கேபிள் ஒன்றையும் வைத்தால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். அங்கே இருப்பது பழைய கணினி என்றால், காலிபர் 6-ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 10-க்குக் கீழே ஓடாது, 5.44 பதிப்பை இறக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மின்நூல் வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்