பின்கதவைத் திறப்பது நம் கைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியில் பின்கதவு நிரல் (வெளியாள் ரகசியமாக நுழைய வழிவிடும் நிரல்) பெரும்பாலும் நாம் அனுமதித்தே புகுகிறது. கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருளோடு “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்” என்ற குறிப்பு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விண்டோஸ் கோப்பு நீட்சிகளை (கோப்பின் வகையைக் காட்டும், பெயரின் கடைசிப் பகுதியை) மறைத்தே வைத்திருப்பதால் ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்ற நிரல் வெறும் ‘பில்.பிடிஎஃப்’ என்றே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில் நீட்சிகளைக் காட்டச் செய்வது அரை நிமிட வேலை. அதிகாரபூர்வத் தளமும் முழுக் காப்பு அல்ல: 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே, முறையான டிஜிட்டல் கையொப்பத்துடன், பின்கதவு வந்தது.

உள்ளே வந்த நிரல், தானாகவே இயங்கும்படி ஸ்டார்ட்அப்பிலோ டாஸ்க் ஷெட்யூலரிலோ தன்னைப் பதிந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் தொடர்பைத் தடுக்க ஃபயர்வால் இருக்கிறதே என்ற நிம்மதி வீண். தொடர்பை உள்ளிருந்து தொடங்குவது அந்த நிரல்தான். அதுவும் பெரும்பாலும் வழக்கமான இணையப் போக்குவரத்து செல்லும் 443-ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியாக.

சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பலர் பதறிப்போய் அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். தட்டச்சு செய்வதைப் பதிவுசெய்யும் கீலாகர் இருந்தால் புதியதும் களவு போகும். வேறு கருவியில் மாற்றி, பழைய லாகின்கள் அனைத்தையும் வெளியேற்றுங்கள். ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வேறு கணினியில் தயாரித்த யூஎஸ்பியிலிருந்து விண்டோஸை மறுபடி நிறுவுவதே உறுதியான வழி.

— கணினிப் பராமரிப்புத் துறை வாசகர்