தூரத்து ஆர்கெஸ்ட்ராவை முதலில் கவனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

டென்மார்க் இசையமைப்பாளர் ரூயெட் லங்கோரின் ‘கோள்களின் இசை’ கச்சேரிக்கு நீ உதவி கண்டக்டர் என்று அறிந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். 1918இல் எழுதி முடித்தது. 1921இல் கார்ல்ஸ்ரூவில் அரங்கேறியது, மறு வருஷம் பெர்லினில் ஒருமுறை. அதோடு சரி. 1968இல் ஸ்டாக்ஹோமில் எடுக்கும்வரை யாரும் சீண்டவில்லை. அவரோ 1952இலேயே ரீபேயில் கண்மூடிவிட்டார். இப்படிப்பட்ட படைப்பு தடுமாறினால் வாசித்தவர்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள். “இதனால்தான் மறந்தார்கள்போல” என்று பழி அவர் தலையில்தான் விழும். ஆகவே நுட்பமான வேலைகளைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே.

முதலில் அந்தத் தூரத்து ஆர்கெஸ்ட்ரா, அதாவது மேடையை விட்டுத் தள்ளி நின்று வாசிக்கும் குழு. ஒலி வினாடிக்கு 343 மீட்டர்தான் போகும். சோப்ரானோ பாடகியும் குழுவும் 35 மீட்டர் தள்ளி நின்று, மேடையைக் காதால் கேட்டு வாசித்தால், போக 0.1, வர 0.1 என்று ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிந்திவிடும். கண்டக்டரின் கையைத் திரையில் பார்த்து, ஒரு மயிரிழை முந்தியே தொடங்கவேண்டும். கேமராவும் திரையும் எவ்வளவு பிந்துகின்றன என்று கைதட்டிப் பார்த்துவிடு.

அடுத்தது சுருதி. 20 டிகிரியில் 440 ஹெர்ட்ஸில் நிற்கும் குழாய் ஆர்கன், அரங்கம் நிரம்பி 25 டிகிரி ஆனால் 444ஐ நெருங்கும். பியானோ அதோடு சேர்ந்து ஏறாது. காலைக் குளிரில் சுருதி சேர்க்க விடாதே. விளக்கெல்லாம் எரியவிட்டு, மாலைச் சூட்டில் ஆர்கனைப் பார்த்துச் சேர்க்கச் சொல். வெளியே குளிர்ந்த நடையில் நிற்கும் குழல்காரர்கள் இறங்கிப்போவார்கள், அங்கேயும் கதகதப்பு வேண்டும்.

கிளிஸாண்டோ பியானோவில் கம்பிகளையே கையால் வருடவேண்டும். வலது பெடலை அழுத்தியே வைத்தால்தான் ஒலியை அடக்கும் டேம்பர்கள் கம்பியை விட்டு எழும்பி நிற்கும். டேம்பரில் விரல் படக்கூடாது, வளைந்துவிடும். இரும்புச் சட்டத்தின் குறுக்குத் தண்டுகள் ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். ஒத்திகையில் ஓடிய வருடல் கச்சேரிப் பியானோவில் தண்டில் முட்டி அறுந்துபோகும். அதே பியானோதான் வேண்டும் என்று விடாப்பிடியாக நில். விரல் வியர்வை செம்புச் சுற்றுக் கம்பியைக் கறுக்கவைக்கும். முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடு.

கொயர் என்ற சேர்ந்திசைப் பாடகர் குழுவுக்கு நீண்ட மெல்லிய சுரங்களில் மூச்சு எங்கே என்று பக்கத்து பக்கத்து ஆட்களுக்கு மாற்றி மாற்றிப் பென்சிலால் குறித்துக் கொடு. தாளக்கோட்டில் எல்லாரும் சேர்ந்து மூச்செடுத்தால் ஒலியில் ஓட்டை விழும்.

ஒத்திகை அட்டவணை வந்ததும் அனுப்பு. தூரத்துக் குழுவுக்கு அரங்கில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா