தூல் ஊர்ச் சிலை பற்றி

அன்பு மகளுக்கு,

பிரான்ஸில் தூல் ஊருக்குப் போய் பிரெஞ்சுப் படைத்தளபதி பிஜாரின் சிலையைப் பார்த்தேன், அவர் வீரரா கொடியவரா என்று ஒரே வரியில் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரியில் அடங்காதம்மா. அந்த ஆள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன்.

போருக்கு முன் வங்கி எழுத்தர். 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, மூன்றாவது முயற்சியில் தப்பியவர். இந்தோசீனாவில் 6ஆம் காலனிய பாராசூட் பட்டாலியன் அவர் கையில் இருந்தது. 1953 நவம்பர் 20, வியட்நாமின் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் முதலில் குதித்தவர்களில் அவர்களும் உண்டு. பிறகு வெளியே எடுக்கப்பட்டு, வியட்நாம் விடுதலைப் படையான வியட்மின்னின் முற்றுகை இறுகியபின் 1954 மார்ச் 16 அன்று மறுபடி குதித்தார்கள்.

ஏப்ரல் 10, வியட்மின் பிடித்துவிட்டிருந்த எலியான் 1 குன்று. அதுதான் அவருடைய கைவேலை. படையை வரிசையாக மேலேற்றவில்லை. பீரங்கிக் குண்டுகள் விழ விழ, அவற்றை ஒட்டியே சிறுசிறு குழுக்கள் ஓடின. எதிர்த்துச் சுடும் பதுங்குகுழிகளில் நின்று மல்லுக்கட்டாமல் பின்னால் வருபவர்களுக்கு விட்டுவிட்டு முன்னேறின. அவர் பக்கத்துக் குன்றின் குழியில் ரேடியோக்களோடு உட்கார்ந்து நடத்தினார். குன்று கிடைத்தது. ஆனால் விமான ஓடுதளம் வியட்மின் பீரங்கிக்கு இரையாகிவிட்டது. ஆளும் குண்டும் பாராசூட்டில்தான் வரவேண்டும். மே 7இல் எல்லாம் முடிந்தது, அவரும் கைதி.

அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸ் வேறு கதை. 1957 ஜனவரியில் ஜெனரல் மாசூவின் பாராசூட் டிவிஷனிடம் போலீஸ் அதிகாரமே கொடுக்கப்பட்டது. பிஜாரின் ரெஜிமெண்டுக்குக் கஸ்பா என்ற பழைய நகரப் பகுதி. அல்ஜீரிய விடுதலைக்குப் போராடிய எஃப்.எல்.என். இயக்கத்தின் குழுவில் ஒருவனுக்கு இரண்டு மூன்று பேரைத்தான் தெரியும். ஒருவன் பிடிபட்டால் மற்றவர்கள் சில மணி நேரத்தில் இடம் மாறிவிடுவார்கள். அதற்குள் பெயரைக் கறக்க வேண்டும் என்ற அவசரத்தில் மின்சாரமும் தண்ணீரும் விசாரணை முறையாகின. சட்டம், நீதிபதி எல்லாம் அந்த வேகத்துக்குத் தடை. தான் சித்திரவதை செய்யவில்லை என்று பிஜார் சாதித்தார். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. தளபதிக்குத் தெரியாமல் ரெஜிமெண்டில் எது நடக்கும்?

பிப்ரவரியில் எஃப்.எல்.என். தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மஹிதி அவர் ஆட்களிடம் சிக்கினார். பிஜார் மரியாதையாக நடத்தினார் என்பார்கள். மேலிடம் கேட்டதும் அவரைப் பிரெஞ்சு உளவு அதிகாரி ஒஸ்ஸாரெஸின் ஆட்களிடம் ஒப்படைத்தார். தற்கொலை என்று அறிவித்தார்கள். தூக்கில் தொங்கவிட்டது தான்தான் என்று ஒஸ்ஸாரெஸ் 2001இல் ஒப்புக்கொண்டார்.

நீ பார்த்த சிலை 2024 அக்டோபரில் வைத்தது. அடுத்த மாதம் முதல் தேதியில்தான், பென் மஹிதியைக் கொன்றது பிரெஞ்சு ராணுவத்தினர் என்று அதிபர் மாக்ரோன் அறிவித்தார்.

அன்புடன்,
அப்பா